பத்து முழ இல்லம்

சேலம் மாநகரின் கீழ்த்திசையில் அமைந்த அம்மாபேட்டை நெசவால் பேர்பெற்ற பகுதியாகும். சேலம் வெண்பட்டின் புகழைப் பேசுவோர் பலர். அத்துணியை நெய்த வீட்டைப் பற்றிப் பேசுவோர் சிலரே. நாம் இங்கு ஆராயப் புகுவது அந்த வீட்டை. ஒரு தறியும் ஓர் அடுப்பும் மூன்று தலைமுறையினரும் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு இடங்கொண்டனர் என்பதே நம் கேள்வி.

சிறிய வீட்டை வசதியாகவும் வனப்பாகவும் அமைப்பது எப்படி என்று இந்நாளில் கடைகளும் ஏடுகளும் ஆயிரம் யோசனை கூறுகின்றன. மடக்குக் கட்டில் வாங்குக என்பர். சுவரில் கண்ணாடி பதித்தால் அறை அகன்று தோன்றும் என்பர். அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் பொருளை விலைக்கு வாங்கும் முன்னர், பொருளின்றியே இக்கேள்விக்கு விடை கண்டவர்களின் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது தகும்.

பழைய நெசவாளர் இல்லத்தின் நடுநாயகம் குழித்தறி. தரையில் ஒரு குழி. அதன் விளிம்பே நெய்பவரின் ஆசனம். கால்கள் குழிக்குள் இறங்கி மிதிகளை இயக்கும். நாற்காலி வேண்டா, பலகை வேண்டா. தறி தரைமட்டத்திலேயே கிடப்பதால் கூரை தாழ்ந்திருப்பினும் குற்றமில்லை. குழியின் ஈரம் பாவின் இழைகளை வறண்டு அறாமல் காக்கும். ஒரே பள்ளம் இருக்கையாகவும், இயந்திரத்தின் உறுப்பாகவும், நூலுக்கு மருந்தாகவும் பயன்பட்டது. ஒன்றைக் கொண்டு மூன்றை முடித்த இந்தச் சிக்கனத்தை எந்தத் தச்சரும் மரத்தில் செய்து காட்டியதாக நாம் அறியோம்.

தறிக்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே வாசலை அல்லது சாளரத்தை ஒட்டிய இடம் அதற்குரியது. அடுப்புக்கு வெளிச்சம் குறைந்தாலும் போதும். அது பின்னே சென்றது. பூவேலைக்குரிய ஜக்கார்டு பெட்டி தறியின்மேல் ஏறியபோது உயரம் தேவைப்பட்டது. ஓட்டுக்கூரையின் முகட்டுக்கு நேர்கீழே தறியை அமைத்தால் அவ்வுயரம் செலவின்றிக் கிடைக்கும். தரையை வேலை பிடித்துக்கொண்டதால் வாழ்க்கை மேலே ஏறிற்று. பரணில் பாத்திரம், உறியில் மோர், உத்திரத்தில் குழந்தையின் தொட்டில், கொடியில் உடை, மாடக்குழியில் விளக்கு. பாய்கள் பகலில் சுருண்டு மூலையில் நிற்கும்; இரவில் தறியைச் சுற்றி எஞ்சிய நிலமெல்லாம் படுக்கையாகும்.

வனப்பும் அங்கே குறைந்ததன்று. வெள்ளையடித்த சுவர் சாளரத்து ஒளியை வாங்கித் தறிமேல் எறியும். சாயம் தோய்த்த நூற்சிட்டங்கள் கொடியில் வரிசையாகத் தொங்கும்போது அந்தச் சிற்றறைக்கு வேறு அலங்காரம் எதற்கு? வீட்டில் அடங்காத வேலை ஒன்று உண்டு. பாவை நீளமாக நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதே அது. அதற்குத் தெருவே அறையாயிற்று. வெயில் ஏறுமுன் கால்களை நட்டுக் கயிறு கட்டிப் பாவை விரித்து, அண்டை வீட்டார் கைகொடுக்க, வேலை முடிந்ததும் தெருவைத் தெருவாகவே விட்டுச் செல்வர். சொந்தமாக வாங்க இயலாத இடத்தை ஒரு நாழிகைக்குப் பொதுவில் பெற்றுத் திருப்பித் தரும் இந்த ஏற்பாடு தெருவார் அனைவருக்கும் உரியது.

நெசவாளர் துணியை அளப்பது முழத்தால். எட்டு முழ வேட்டி என்பது இன்றும் கடைத்தெரு வழக்கு. வீட்டையும் ஒருகாலத்தில் மக்கள் தம் கைமுழத்தாலேயே அளந்தனர். இந்த முழக்கணக்கு நம் நினைவை மதீனாவுக்கு அழைத்துச் செல்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் இல்லங்களைக் கண்ணால் கண்ட தாவூத் இப்னு கைஸ், உள்ளறையின் அளவு பத்து முழம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அச்செய்தியை இமாம் புகாரி தமது அல்அதபுல் முஃப்ரதில் பதிவு செய்துள்ளார். பத்து முழம் ஏறத்தாழ 15 அடி. எட்டு முழ வேட்டியை விரித்துப் பிடித்தால் அந்த அறையில் மிஞ்சுவது இரண்டே முழம். ஹஸன் பஸரீ அவர்கள் இளமையில் அவ்வில்லங்களுக்குள் சென்றபோது கூரை கைக்கு எட்டிற்றாம். பேரீச்ச மட்டையும் மண்ணும் சுவர். மயிர்க் கம்பளம் வாசல் திரை.

அந்தச் சிற்றறையில் வாழ்ந்த முறையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறும் செய்திகளில் காண்கிறோம். இரவுத் தொழுகையில் நாயகம் (ஸல்) அவர்கள் ஸுஜூது செய்ய இடமின்றி, படுத்திருந்த அன்னையின் காலைத் தொட்டு உணர்த்துவார்கள். அன்னை காலை மடக்கிக்கொள்வார்கள். எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். ஒரே நிலம் ஒரு கணம் படுக்கை, மறுகணம் தொழுமிடம். இன்னொரு செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நாயகத்திடம் ஒரு பாய் இருந்தது. பகலில் அதை விரித்து அமர்வார்கள். இரவில் அதையே மறைப்பாக நிறுத்தித் தொழுகைக்கு ஒரு தனியறை ஆக்கிக்கொள்வார்கள். பகலில் தரை, இரவில் சுவர். மடக்குத் தடுப்பு என்று இந்நாளில் விலை சொல்லும் பொருள் இதனினும் என்ன அதிகம் செய்கிறது என்று வாசக அன்பர்களே கூறட்டும்.

சிற்றில்லத்தில் தனிமை எங்ஙனம் கிட்டும் என்ற ஐயம் இங்கே எழும். திருமறையின் அந்நூர் அத்தியாயம் 58ஆம் வசனம் இதற்கு வழி காட்டுகிறது. பஜ்ருக்கு முன்னர், நண்பகலில் உடை தளர்த்தும் வேளை, இஷாவுக்குப் பின்னர் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டிலுள்ள பணியாளரும் பருவமடையாச் சிறுவரும்கூட அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்பது அதன் கருத்து. சுவர் எழுப்பச் சொல்லவில்லை; நேரத்தை வகுக்கச் சொல்லிற்று. சுவருக்குச் செங்கல் வேண்டும், இடம் வேண்டும். நேரத்துக்குப் பண்பாடு போதும். அம்மாபேட்டை நெசவாளர் பெரும்பாலும் நம் மார்க்கத்தார் அல்லர். ஆயினும் அவர்தம் வீடும் பொழுதாலேயே வகுக்கப்பட்டது. நாடாவின் ஒலி எழுந்தால் அது தொழிற்கூடம். தறி ஓய்ந்தால் அது உணவறை. பாய் விரிந்தால் படுக்கையறை.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி சிறிது செய்தல் தவறாகாது. அரபியில் ‘பைத்’ என்பது இரவு தங்கும் இடம். பழைய வழக்கில் அது பெரும்பாலும் ஓரறை உறைவிடத்தையே குறிக்கும். முற்றத்தைச் சூழ்ந்த பல அறைகளைக் கொண்டது ‘தார்’. ‘பைத்’ என்ற அதே சொல் செய்யுளின் ஓரடிக்கும் பெயராயிற்று. நம் மக்கள் ‘பைத்து’ ஓதுவது இதனால்தான். அவ்வடியின் இரு பாதிகளுக்கு ‘மிஸ்ராஃ’ என்று பெயர். அது கதவின் ஒரு பலகை. அசைகளுக்கு ‘ஸபப்’ (கயிறு), ‘வதத்’ (முளை) என்று பெயர்கள் வழங்குகின்றன. கூடாரத்தின் உறுப்புகளை யாப்புக்கு வழங்கிய அந்த இலக்கணத்தை வகுத்தவர் கலீல் இப்னு அஹ்மத். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் நாணற் குடிசையொன்றில் வறுமையில் வாழ்ந்தவர் அவர். தமிழிலும் நூல் என்பது இழைக்கும் ஏட்டுக்கும் பொதுப்பெயர்; நெசவாளர் நீட்டுவது பாவு, புலவர் பாடுவது பா. அம்மாபேட்டைத் தெருவில் கயிறும் முளையும் கொண்டு பாவு நீட்டியதைக் கலீல் கண்டிருந்தால் தம் கலைச்சொற்களை அடையாளம் கண்டிருப்பார்.

வீட்டையும் தறியையும் ஒன்றாகவே கருதியவர்களுள் வரி தண்டியோரும் உண்டு. சோழர், விசயநகரர் காலத்துக் கல்வெட்டுகள் தறி இறையைக் கூறுகின்றன. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு மாறின. அவர்கள் ஆட்சியிலும் வீடு, கடை, தறி ஆகியவற்றின்மேல் மோத்தர்பா என்ற வரி தொடர்ந்தது. அது ‘ஹிர்ஃபா’, அதாவது கைத்தொழில், என்ற அரபுச் சொல்லினின்று பிறந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான் அது கைவிடப்பட்டது.

தறியை வீட்டினின்று பிரித்துவிட முயன்ற கதையொன்றும் சேலத்துக்கே உரியது. 1906இல் சென்னை மாகாண அரசு சேலத்தில் கைத்தறிக்கென நெசவாலை ஒன்றைத் தொடங்கிற்று. பொறுப்பு வகித்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் முறைத் தோல் பதனிடுதலையும் இம்மாகாணத்தில் சோதித்து வளர்த்தவர். தோல் தொழிலின் வரலாறு அறிந்தோர்க்கு அப்பெயர் புதிதன்று. நெசவாளரை ஓரிடத்தில் திரட்டி, விசைநாடாத் தறி கொடுத்து, ஒழுங்கான நேரத்தில் வேலை வாங்கினால் அவர்கள் வருவாய் உயரும் என்பது அவர் எண்ணம். எண்ணத்தில் தீங்கில்லை. ஆனால் நெசவாளர் ஆலைக்கு வந்து நிலைக்க விரும்பவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்றுவார், பிள்ளைகள் அறுந்த இழையை எடுத்துத் தருவர், முதியவர் சிக்கெடுப்பார். ஆலையிலோ ஆண் ஒருவரின் கைக்கு மட்டுமே கூலி. வீட்டில் பொழுது அவருடையது. ஆலையில் பொழுது மணிக்குரியது. 1910இல் அவ்வாலை மூடப்பட்டது. அரசு தானே தொழில் நடத்துதல் தகாது என்ற இலண்டன் அமைச்சர் மார்லி பிரபுவின் கொள்கையும் அவ்வாண்டில்தான் வந்தது. ஆலை மூடப்பட்டதைத் தோல்வி என்பர் சிலர். வீடு என்பது எத்தகைய தொழிற்கருவி என்பதை அரசு பொருட்செலவில் கற்றுக்கொண்ட பாடம் என்று நாம் கூறுவோம்.

விசைநாடா மட்டும் பின்னர் வீடுகளுக்குள் பரவிற்று. அதுவும் இடத்தைக் கேட்டது. கையால் எறியும் நாடாவுக்குத் துணியின் அகலமே போதும். கயிற்றை இழுத்து ஓட்டும் நாடாவுக்கு இருபுறமும் பெட்டி வேண்டும். தறி இரு பக்கமும் நீள, வீட்டார் அவ்வளவு ஒதுங்கினர். புதுக்கருவி ஒன்று ஏழை வீட்டுக்குள் புகும்போது கூலியைக் கணக்கிடுவோர், அது தின்னும் நிலத்தைக் கணக்கிடுவதில்லை.

சிறுமையைப் புகழ்வது நம் கருத்தன்று. நூல் தூசியும் அடுப்புப் புகையும் ஒரே காற்றில் கலந்தன. ஈரக் குழியில் நாளெல்லாம் கால் வைத்திருந்தோர் பட்ட நோவும் உண்டு. சோறாக்கிய கையே தார் சுற்றியது; அந்தக் கைக்குத் தனிக்கூலி இல்லை. பிள்ளைகளின் பள்ளிப் பொழுதையும் தறி விழுங்கிற்று. பெரிய வீடு வாய்த்தால் அவர்களில் யார் வேண்டாம் என்றிருப்பர்? விசாலமான இல்லத்தை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்களும் எண்ணினார்கள். இல்லாத இடத்தை உண்டாக்கிய அறிவை மதிக்கலாம். இடமில்லாமையை மதிக்க வேண்டுவதில்லை.

அந்த அறிவை இன்று வீடு கட்டித் தருவோர் கேட்டார்களா? தறிக்கூடத்துடன் கூடிய வீட்டுத் திட்டம் ஒன்றை மத்திய அரசு 1980களின் நடுப்பகுதியில் நெசவாளர்க்கென வகுத்ததுண்டு. வேலையும் வாழ்வும் ஓரிடத்தன என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் அது. ஆனால் பொதுவான குடியிருப்புத் திட்டங்களில் நிலைமை வேறு. பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டத்தின் நகரப் பிரிவு 2015இல் தொடங்கியபோது அதில் நலிந்த பிரிவினர்க்கான வீட்டின் பரப்பு 30 சதுர மீட்டர் வரை என்றிருந்தது. அதாவது சுமார் 320 சதுர அடி. இந்தப் பரப்பே குறை என்று நாம் கூறமாட்டோம். அதனை ஹால், படுக்கையறை, சமையலறை என்று சுவர் வைத்து நறுக்கிவிடுவதே குறை. நறுக்கிய பின் எந்த அறையிலும் தறி அமையாது. தையல் இயந்திரம் போட்டால் பாய் விரிக்க இடமிராது. மூன்று விருந்தினர் வந்தால் வீட்டுக்காரர் வெளியே நிற்பார். சுவரை விட்டுவிட்டு, கூரையைச் சற்று உயர்த்திப் பரண் அமைத்து, சுவரின் கனத்தில் மாடங்கள் வைத்து, ஒரு திரைக்கு மட்டும் கம்பி கொடுத்தால், அதே 30 சதுர மீட்டர் பகலில் ஒரு வீடாகவும் இரவில் வேறொரு வீடாகவும் ஆகும். வாசலில் ஒரு சாண் திண்ணை விட்டால் தெருவும் சிறிது வீட்டோடு சேரும். ஒற்றைச் சுவரில் மிச்சமாகும் செங்கல் இதற்கெல்லாம் போதும்.

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டை ஒட்டி, கலீஃபா வலீதின் ஆணைப்படி, மதீனாவின் ஆளுநராயிருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் பள்ளிவாசலை விரிவாக்குவதற்காக நாயகத்தின் துணைவியர் இல்லங்களை இடித்தார்கள். அன்று மதீனாவாசிகள் அழுதனர். அவற்றை அவ்வாறே விட்டிருந்தால் பின்வருவோர் வந்து பார்த்திருப்பரே என்று ஸயீத் இப்னுல் முஸய்யப் வருந்தினார்கள். இடிக்கும் முன் கண்டவர்கள் முழக்கணக்கை மனத்தில் வைத்திருந்ததனாலேயே பத்து முழம் என்ற செய்தி நமக்கு எட்டியது.

அம்மாபேட்டையின் ஓட்டு வீடுகளும் மாடிக் கட்டடங்களுக்கு வழிவிட்டு வருகின்றன; குழிகள் தூர்க்கப்பட்டுத் தரையோடு தரையாகின்றன. சேலத்திலேயே 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இயங்கி வருகிறது. அங்கே பயிலும் இளைஞர்கள் துணியின் இழையை எண்ணக் கற்கிறார்கள். விடுமுறையில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இவ்வீடுகளுக்குள்ளும் செல்லலாம். குழியின் ஆழம், அதன் விளிம்பினின்று அடுப்பு வரை உள்ள தூரம், பரணின் உயரம், சாளரம் நோக்கும் திசை, இரவில் எத்தனை பாய் எங்கெங்கே விரிந்தது என்பதையெல்லாம் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதலாம். தறியில் அமர்ந்தவர்க்குத் தறியின் அளவு தெரியும். மற்றவற்றின் அளவு அவர்களுக்கே தெரியும்.