அபுதாபி காம்பேட் கிளப் உலகப் போட்டி

அபுதாபி காம்பேட் கிளப் உலகப் போட்டி (சுருக்கமாக ஏடிசிசி) குத்து, உதை இல்லாமல் பிடிகளை மட்டும் கொண்டு மோதும் மல்யுத்தத்தின் முதன்மையான பன்னாட்டுப் போட்டி. 1998இல் ஐக்கிய அரபு அமீரகத் தலைநகர் அபுதாபியில் தொடங்கியது.

பெரும் பணக்காரர் ஒருவர் உலகின் தேர்ந்த சண்டைக்காரர்களைத் தன் இடத்துக்கு வரவழைத்து மோதவிடுவது, 1973இல் வந்த 'எண்டர் தி டிராகன்' முதல் சண்டைப் படங்களுக்குப் பழகிய கதை. ஏடிசிசியின் தொடக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். வில்லன் மட்டும் இல்லை. இதைத் தொடங்கிய ஷேக் தஹ்னூன் பின் சயீத் அல் நஹ்யான், அமீரகத்தை நிறுவிய ஷேக் சயீதின் மகன். அமெரிக்காவில் இருந்தபோது யுஎஃப்சி எனும் கலப்புச் சண்டைப் போட்டிகளைப் பார்த்து, தரையில் பிடிபோட்டு மடக்கும் பிரேசிலிய ஜுஜிட்சுவில் ஈடுபாடு கொண்டார். சான் டியேகோவில் நெல்சன் மொன்டெய்ரோவிடம், தான் யாரென்று சொல்லாமலே பயின்றார் என்பார்கள்.

ஜூடோ, சாம்போ, ஜுஜிட்சு, ஒலிம்பிக் மல்யுத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள் உண்டு. எல்லாரையும் ஒரே கோதாவில் இறக்கப் பொது விதி தேவைப்பட்டது. ஆட்டத்தின் முதல் பாதியில் புள்ளிகளே கிடையாது என்பது அதில் முக்கியமானது. புள்ளி இழக்கும் பயமின்றி கழுத்துப்பிடிக்கும் மூட்டுப்பூட்டுக்கும் துணிந்து முயலலாம். பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது. எடைப்பிரிவுகளைத் தவிர, எடை பாராத திறந்த பிரிவும் உண்டு. சிறியவர் பெரியவரை மடக்குவதைக் காண ரசிகர்கள் காத்திருப்பது இதில்தான்.

2001 வரை அபுதாபியில் நடந்த போட்டி, 2003இல் பிரேசிலின் சாவோ பாலோவுக்குப் போனது. தகுதிச்சுற்றில் தோற்றிருந்த மார்செலோ கார்சியா, அங்கே மாற்று வீரராகக் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டு 77 கிலோ பிரிவை வென்றார். இப்போட்டியின் ஆகச் சிறந்த கதை இதுவே. 2005இல் ரோஜர் கிரேசி தன் எடைப்பிரிவு, திறந்த பிரிவு இரண்டையும் வென்றார். எட்டு ஆட்டங்களிலும் எதிராளிகளைத் தட்ட வைத்தே வென்றது பெரிய சாதனை. பெண்கள் பிரிவும் அவ்வாண்டுதான் வந்தது. பின்னர் பார்சிலோனா, நாட்டிங்ஹாம், பெய்ஜிங் என ஊர் ஊராகச் சுற்றி, 2022இலும் 2024இலும் லாஸ் வேகாசில் நடந்தது.

போட்டி வெளியூர் போனாலும் கலை அபுதாபியிலேயே வேரூன்றியது. 2008 முதல் அங்குள்ள பள்ளிகளில் ஜுஜிட்சு கற்பிக்கப்படுகிறது. 2010இல் யுஎஃப்சி அங்கே வந்தது. 2020 ஜூலையில், கொரோனா முடக்கத்தின்போது, அபுதாபியின் யாஸ் தீவில் பார்வையாளர்களே இல்லாமல் சண்டைகளை நடத்தியது.

ஏடிசிசியின் பரிசுத்தொகை மட்டும் புகழுக்கேற்ப வளரவில்லை. ஆண்கள் எடைப்பிரிவில் முதல் பரிசு நெடுங்காலம் 10,000 டாலராகவே இருந்தது. 2024 ஆகஸ்டில், முன்னாள் ஏடிசிசி வீரர் கிரெய்க் ஜோன்ஸ் அதே வார இறுதியில், அதே லாஸ் வேகாசில், 10 லட்சம் டாலர் முதல் பரிசுடன் எதிர்ப்போட்டி ஒன்றை நடத்திக் காட்டினார்.