பூவம்பழம் கெடுத்த கணக்கு

அந்த வெள்ளைக் கேன் திருச்சி மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்துபோனது. ஐந்து லிட்டர் பிடிக்கும். அடியில் கொஞ்சம் அமிலம். "கையில படாம பாத்துக்குங்க" என்றான் லேப் பையன். வேறொன்றும் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு முகம் திடீரென்று சிவக்கும். நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தில் கட்டி என்றது ஸ்கேன், கல்லீரலிலும் புள்ளிகள். இது செரட்டோனின் சுரக்கிற ரகம். குடலோடு நிற்கும்வரை அந்தச் சுரப்பைக் கல்லீரல் சிதைத்துவிடும். கல்லீரலுக்கே பரவிவிட்டால் நேராக ரத்தத்தில் கலக்கும். சிதைந்த கழிவான 5-எச்ஐஏஏ சிறுநீரில் இறங்கும். அதை அளக்கத்தான் கேன். 1907இல் இவ்வகைக் கட்டிகளுக்கு 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோய் போன்றது, என்று பெயரிட்ட ஓபர்ன்டார்ஃபர் இவை சாதுவானவை என்றே நம்பினார். 1929இல் தானே திருத்திக்கொண்டார்.

காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு மணி குறிக்க வேண்டும். மறுநாள் அதே மணிவரை எல்லாம் கேனுக்கு. பெரியப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். ஒரு தடவை விடவில்லை, நோட்டில் எழுதினார். ஃப்ரிட்ஜில் வைக்கப் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஐஸ் வாளியில் உட்கார்ந்தது கேன்.

ஸ்கூட்டரில் என் காலடியில் ரவுண்டானா சுற்றி லேப் சேர்ந்தது. மொத்தத்தை அளந்து, சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட்டார்கள். குப்பி ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது. முடிவில் 5-எச்ஐஏஏ அளவு எக்கச்சக்கம்.

டாக்டர் கேட்டார்: "பழம் சாப்பிட்டீங்களா ஐயா?"

"ராத்திரி ரெண்டு பூவம்பழம். எப்பவும் போலத்தான்."

வாழைப்பழத்திலேயே செரட்டோனின் உண்டு; 1958இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவைத்த விஷயம். தின்றால் கட்டிக்குக் கேடில்லை, கணக்குத்தான் கெடும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊரில் இதை ஒரு சீட்டில் அச்சடித்துக் கொடுக்க லேப்பில் ஆளில்லை.

மறுபடி கேன். மூன்று நாள் வாழை, அன்னாசி, தக்காளி கிடையாது. பெரியம்மா வெறும் புளியில் ரசம் வைத்தார். பெரியப்பா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டே குடித்தார். இம்முறை அளவு குறைந்தது, ஆனாலும் இயல்பைப்போல நாலு மடங்கு. நாலு வாரத்துக்கொரு ஆக்ட்ரியோடைட் ஊசி என்று முடிவானது.

அந்த முடிவு வருவதற்கு முன்பே, இரண்டாம் கேனை ஒப்படைத்த கையோடு, காந்தி மார்க்கெட்டுக்கு வண்டியை விடச் சொல்லி ஒரு சீப்பு பூவன் வாங்கிவிட்டார் பெரியப்பா.