‘நிறுவலாம்’ என்னும் ஒரு சொல்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இந்தியாவில் நெடுங்காலம் மூப்பின் இயல்பாகவே கருதப்பட்டது. நோயுற்றோரைப் பேணும் பொறுப்பு வீட்டோடு, பெரும்பாலும் வீட்டுப் பெண்களோடு, நின்றது. 1992இல் கேரளத்தின் குன்னம்குளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கம் இதனைப் பொதுப் பேச்சாக்க முனைந்தது. 2010இல் அச்சங்கம் வெளியிட்ட அறிக்கை, நோயுற்றோர் 37 லட்சம் என மதிப்பிட்டது.

அரசின் பங்கு யாது? 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் எனத் தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் ‘நிறுவலாம்’ என்றது. ‘நிறுவ வேண்டும்’ என்று சொல்லவில்லை. இல்லங்களின் தரத்தை ‘வகுக்கலாம்’ என்பதும் அவ்வாறே. நிதியும் தரமும் அந்த ‘லாம்’ வழியே ஒருசேர நழுவின.

மறதிநோயருக்குக் கூரை மட்டும் போதாது. உண்டதை மறந்து மீண்டும் கேட்பவருக்குச் சினமின்றி விடைசொல்லவும், நள்ளிரவில் எழுந்து நடப்பவரைக் கட்டிவைக்காமல் உடன் நடக்கவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஊதியம் குறைந்தால் அந்த ஆள் நிலைப்பதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் நோயருக்கு ஒவ்வொரு முகமும் அந்நியமாகிறது.

2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் முன்மொழிந்தது. 2024இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. இதற்கிடையே, 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, நோயுற்ற முதியோர் 88 லட்சம் என்றது. கணக்கிட்ட முறைகள் வேறாயினும் சுமை பெருகியது தெளிவு. சட்டத்தின் ‘லாம்’ மட்டும் மாறவில்லை.