தியோஃபிலோ குபியாஸ்

தியோஃபிலோ குபியாஸ் (பிறப்பு: 8 மார்ச் 1949) பெரு நாட்டைச் சேர்ந்த கால்பந்து வீரர், 1970, 1978 ஆகிய இரு உலகக் கோப்பைத் தொடர்களிலும் தலா ஐந்து கோல்கள் அடித்தவர். 2022 வரை நடந்த உலகக் கோப்பைகளில் இரு வெவ்வேறு தொடர்களில் ஐந்து கோல்களை எட்டியவர்கள் அவரைத் தவிர இருவரே. மிரோஸ்லாவ் குளோசா, தோமஸ் முல்லர் ஆகிய அவ்விருவரும் ஜெர்மனி போன்ற பலம் வாய்ந்த அணியின் தாக்குதல் வரிசையில் ஆடியவர்கள். குபியாஸோ மைய முன்கள வீரருக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்திக்கொண்டே கோலும் அடிக்கும் தாக்குநிலை நடுக்கள வீரராகவே பெரும்பாலும் விளங்கினார். உலகம் அவரை நன்கு அறிந்தது இருபத்தொரு வயதிலும் இருபத்தொன்பது வயதிலும்தான். எனினும் அவருடைய ஆட்டம் உருப்பெற்றது அதற்கும் முன்னதாக, பதின்ம வயது தாண்டாத நிலையில், லிமா நகரின் ஒரு கழகத்தில்.

தலைநகர் லிமாவின் வடபுறத்திலுள்ள புவெந்தே பியெத்ராவில் பிறந்த குபியாஸுக்கு, வளர்ந்த பின்னும் மாறாத சிறுபிள்ளை முகத்தால் 'எல் நேனே' (குழந்தை) என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. 1966இல் பதினேழு வயதில் அவர் அடியெடுத்து வைத்த அலியான்சா லிமா கழகம் 1901இல் தொடங்கப்பட்டது. லா விக்டோரியா என்னும் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியோடும், அடிமை வணிகக் காலத்தில் பெருவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களான கறுப்பின மக்களோடும் அதற்கு நெடுங்காலப் பிணைப்பு உண்டு. இதற்கு நேரெதிராக, மாணவர்களால் தொடங்கப்பட்டு நடுத்தர வகுப்பாரின் அணி என்று பெயர்பெற்ற உனிவர்சித்தாரியோவோடு அலியான்சா மோதும் ஆட்டம், 'கிளாசிக்கோ' என்ற பெயரில் இன்றும் லிமாவை இரண்டாகப் பிரிக்கிறது. அலியான்சாவின் நீல-வெள்ளைக் கோடுபோட்ட சட்டையில் ஆடிய முதல் பருவத்திலேயே குபியாஸ் லீக்கில் மிகுதியான கோல் அடித்தவராகத் திகழ்ந்தார். 1970இலும் அதே இடத்தைப் பிடித்தார்.

இவ்வளவு இருந்தும், 1966 முதல் 1973 வரை நீடித்த அந்த முதல் காலகட்டத்தில் அலியான்சா ஒருமுறைகூட லீக் பட்டத்தை வெல்லவில்லை என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. ஹூலியோ பைலோன், பெத்ரோ பாப்லோ லெயோன், விக்தோர் செகார்ரா, குபியாஸ் எனக் கண்ணைக் கவரும் தாக்குதல் வரிசை இருந்த ஆண்டுகளில் பட்டங்கள் பெரும்பாலும் உனிவர்சித்தாரியோவுக்கும் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டலுக்குமே போயின. கோப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இளம் குபியாஸைச் சாதாரண வீரர் என்றே முடிவு கட்டக்கூடும்.

தேசிய அணியில் அவருக்கு வாய்த்த பயிற்சியாளர், 1958, 1962 உலகக் கோப்பைகளை வென்ற பிரேசில் அணியின் நடுக்கள வீரரான டிடி. பந்து உயரே சென்று, காய்ந்த இலை உதிர்வதுபோலத் திடீரென்று கீழிறங்கும் வகையில் ஃப்ரீ கிக் அடிப்பதில் டிடி புகழ்பெற்றவர். பெரு வீரர்களின் இயல்பான பந்து நயத்தை அடக்காமல், அதையே அணியின் ஆட்டமுறையாக ஆக்கினார். 1969 ஆகஸ்ட் 31 அன்று பியூனஸ் அயர்ஸின் பொம்பொனேரா அரங்கில் அர்ஜென்டினாவோடு 2-2 எனச் சமன் செய்து, அந்நாட்டை வெளியேற்றி, பெரு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்றைய இரு கோல்களையும் அடித்தவர் ஓஸ்வால்தோ ராமிரெஸ்.

மெக்சிகோவில் 1970 உலகக் கோப்பை தொடங்கிய மே 31 அன்றே பெருவின் அங்காஷ் மாநிலத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. உவஸ்கரான் மலையிலிருந்து சரிந்த பனியும் பாறையும் யுங்காய் நகரை மூடின. மொத்த உயிரிழப்பு ஏறக்குறைய 70,000 எனக் கணக்கிடப்படுகிறது. சேதத்தின் அளவு முழுதாகத் தெரியவராத நிலையில், இரண்டு நாள் கழித்து லெயோன் நகரில் பல்கேரியாவை எதிர்த்து ஆடிய பெரு, இடைவேளைக்குப் பின் சில நிமிடங்களுக்குள் 0-2 எனப் பின்தங்கியது. அல்பெர்த்தோ காயார்தோ ஒன்றும், அணித்தலைவர் எக்தோர் சும்பித்தாஸ் ஃப்ரீ கிக்கில் ஒன்றும் அடித்துச் சமன் செய்தபின், 73ஆம் நிமிடத்தில் குபியாஸ் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே பந்தை ஓட்டிச் சென்று அடித்த மூன்றாவது கோல் 3-2 என்ற வெற்றியைத் தந்தது. துக்கத்தில் இருந்த ஒரு நாட்டில் அந்தக் கோலுக்குக் கிடைத்த இடம் விளையாட்டின் எல்லையைத் தாண்டியது.

அடுத்து மொரோக்கோவை 3-0 என வென்ற ஆட்டத்தில் அவர் இரு கோல்கள் அடித்தார். மேற்கு ஜெர்மனியிடம் 1-3 எனத் தோற்றபோது பெருவின் ஒரே கோல் அவருடையது. குவாதலஹாராவில் ஜூன் 14 அன்று நடந்த காலிறுதியில் பெலே, தோஸ்தாவோ, ஜெயர்சினோ, ரிவெலினோ ஆகியோர் அடங்கிய பிரேசிலிடம் பெரு 2-4 எனத் தோற்றது. 70ஆம் நிமிடத்தில் குபியாஸ் அடித்த கோலால் இடைவெளி 3-2 எனச் சுருங்கி, ஐந்து நிமிடம் கழித்து ஜெயர்சினோ மறுபடி விரிக்கும் வரை ஆட்டம் ஊசலாடியது. தடுப்பாட்டத்தைப் பற்றி இரு அணிகளுமே அதிகம் கவலைப்படாத அந்த ஆட்டம் இன்றும் பார்க்கத் தகுந்தது. ஆடிய நான்கு ஆட்டங்களிலும் கோல் அடித்த குபியாஸ், கெர்ட் முல்லருக்கும் (10) ஜெயர்சினோவுக்கும் (7) அடுத்து மூன்றாம் இடம் பெற்றார். அத்தொடரின் சிறந்த இளம் வீரர் என்ற சிறப்பும் அவருக்கே உரியது. 1972இல், காரகாஸ் நகரின் 'எல் முந்தோ' நாளிதழ் நடத்திய வாக்கெடுப்பில் தென் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார்.

1973இல் ஐரோப்பா சென்றவர் முதலில் சேர்ந்த இடம் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம். அங்கு ஒரு பருவத்தைக்கூட முடிக்காமல் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு மாறி, 1977 வரை அங்கே ஆடினார். போர்ட்டோவில் ரசிகர்களின் பேரன்பு கிடைத்தது. லீக் பட்டம் கிடைக்கவில்லை. 1959க்குப் பின் அக்கழகம் காத்திருந்த பட்டம், அவர் விலகியபின் வந்த 1977-78 பருவத்தில்தான் கைகூடியது. இதைவிடப் பெரிய இழப்பு தேசிய அணியில் நேர்ந்தது. பெருவும் சிலியும் சொந்த மண்ணில் தலா 2-0 என வென்றதால், 1973 ஆகஸ்டில் மொண்டெவிடியோவில் நடத்தப்பட்ட தீர்மான ஆட்டத்தில் பெரு 1-2 எனத் தோற்று, 1974 உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. இருபத்தைந்து வயதில், ஒரு கால்பந்து வீரரின் உடலும் அறிவும் ஒருங்கே உச்சத்தில் இருக்கும் பருவத்தில், குபியாஸுக்கு உலக அரங்கு இல்லாமற் போயிற்று.

தென் அமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா தொடர் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. 1975 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பிரேசிலை அதன் சொந்த மண்ணிலேயே, பெலோ ஒரிசோன்ட்டேயில், பெரு 3-1 என வென்றது. அதில் ஒரு கோல் குபியாஸுடையது. லிமாவில் 0-2 எனத் தோற்றதால் முடிவு சமனாகி, சீட்டுக் குலுக்கலில் இறுதிக்குச் சென்ற பெரு, கொலம்பியாவை வென்று கோப்பையைப் பெற்றது. தொடரின் சிறந்த வீரராகக் குபியாஸ் அறிவிக்கப்பட்டார்.

நாடு திரும்பி, 1977, 1978 ஆண்டுகளில் அலியான்சாவோடு அடுத்தடுத்து லீக் பட்டம் வென்றார். இதற்கிடையே 1978இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பைக்குச் சென்றார். கோர்டோபாவில் ஸ்காட்லாந்தை எதிர்த்த ஆட்டத்தில் ஆறு நிமிட இடைவெளியில் இரு கோல்கள் அடித்தார். இரண்டாவது கோல் பெனால்டி எல்லைக்குச் சற்று வெளியே, இடப்புறமாகக் கிடைத்த ஃப்ரீ கிக். அந்த இடத்தில் வலக்கால்காரர் பெரும்பாலும் பாதத்தின் உட்புறத்தால் பந்தைச் சுவருக்கு மேலாக வளைப்பார். குபியாஸ் ஓடிவந்து வலக்காலின் வெளிப்புறத்தால் அடிக்க, பந்து சுவரின் ஓரத்தைத் தாண்டி, கோல்கீப்பர் ஆலன் ரஃப் எதிர்பாராத அருகுக் கம்பத்தின் பக்கமாக உள்ளே புகுந்தது. ஆட்டம் 3-1 என முடிந்தது. ஈரானை 4-1 என வென்றபோது அவர் மூன்று கோல்கள் அடித்தார். அவற்றில் இரண்டு பெனால்டி. இரண்டாம் சுற்றில் பெரு ஒரு கோல்கூட அடிக்காமல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அதில் அர்ஜென்டினாவிடம் அடைந்த 0-6 தோல்வியைப் பற்றிய ஐயங்களும் குற்றச்சாட்டுகளும் இன்றுவரை ஓயவில்லை.

1979 முதல் 1983 வரை அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் ஸ்ட்ரைக்கர்ஸ் அணியில் ஆடினார். 1970இல் கோல் பட்டியலில் தமக்கு மேலிருந்த கெர்ட் முல்லர் அங்கே அவருக்குச் சக வீரராக அமைந்தார். 1982 உலகக் கோப்பையில் பெரு முதற் சுற்றோடு வெளியேறியது; அடுத்து அந்நாடு தகுதி பெற்றது 2018இல்தான். 81 ஆட்டங்களில் 26 என்ற அவருடைய தேசிய அணி கோல் எண்ணிக்கை, பாவ்லோ குர்ரேரோ அதைக் கடக்கும் வரை பல பத்தாண்டுகள் பெருவின் உச்சமாக நின்றது.

1987 டிசம்பர் 8 அன்று அலியான்சா லிமா அணியினர் வந்த கடற்படை விமானம் வெந்தனியா அருகே கடலில் விழுந்து 43 பேர் இறந்தனர். ஏறத்தாழ ஓர் அணியையே இழந்த கழகத்துக்குச் சிலியின் கோலோ-கோலோ தன் வீரர்கள் சிலரைக் கடனாக அனுப்பியது. ஓய்வு பெற்றிருந்த குபியாஸும் முப்பத்தெட்டு வயதைக் கடந்த நிலையில் திரும்பிவந்து, மிஞ்சிய சிறுவர்களோடு நின்று அலியான்சாவுக்காக ஆடினார்.