ஆம், இல்லை: ஒளிவழி மூளை–கணினி இடைமுகம் வளர்ந்த வரலாறு

மூளையின் குறிப்பைக் கணினிக்குக் கடத்தும் முயற்சி மின்சாரத்தில் தொடங்கியது. ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். 1973இல் ஜாக் விடால் ‘மூளை–கணினி இடைமுகம்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒளி இந்த வரலாற்றில் பிந்தித்தான் நுழைகிறது.

1977இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பிரான்ஸ் யோப்சிஸ், அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும் ஊடுருவி, உள்ளிருக்கும் ஆக்சிஜன் நிலையைச் சொல்லும் என்று ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார். ஏறத்தாழ 650 முதல் 950 நானோமீட்டர் வரையிலான ஒளியை உடல் திசுக்கள் குறைவாகவே விழுங்குகின்றன. ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் ஏந்தாததும் இந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், இரண்டு அலைநீளங்களைச் செலுத்தினால் இரண்டின் மாற்றத்தையும் கணக்கிடலாம். விளக்கும் உணரியும் சுமார் 3 செ.மீ. இடைவெளியில் தலையில் அமர்கின்றன. சிதறித் திரும்பும் ஒளி பெருமூளைப் புறணியின் மேற்பகுதியைத் தொட்டு வருகிறது. சிந்திக்கும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதைப் பல ஆய்வுக் குழுக்கள் 1993இல் தனித்தனியே இம்முறையில் பதிவுசெய்தன. 1995இல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வாளர்கள் பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் அளந்து அதை வரைபடமாக்கினர்.

அளவீடு இடைமுகமாக மாறியது 2004இல். அயர்லாந்தைச் சேர்ந்த ஷெர்லி காயிலும் சகாக்களும் இவ்வொளி அதற்குத் தகும் என்று எழுதினர். 2007இல் ரங்கநாத சீதாராமும் உடனாய்வாளர்களும், கையை அசைப்பதாகக் கற்பனை செய்யும்போது இடதா வலதா என்பதை ஒளிக்குறிகளிலிருந்து பிரித்தறிந்தனர். ஆனால் ரத்த ஓட்டம் மெதுவானது. நினைத்த கணத்திலிருந்து குறி உச்சம் தொட ஐந்தாறு நொடிகள் ஆகும். சக்கர நாற்காலியைத் திருப்ப அந்த வேகம் போதாது. ஒரு கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லப் போதும். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயில் கண்ணிமையும் அசையாமல் முடங்கிப்போனவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல்லே பெரும் உரிமை. ஜப்பானில் இதற்கென உருவான ‘கோகோரோ கதாரி’ என்ற கருவியில், ‘ஆம்’ என்றால் மனத்துக்குள் கணக்குப் போட வேண்டும். ‘இல்லை’ என்றால் மனத்தை ஓய்வாக வைக்க வேண்டும். 2007இல் வெளியான முடிவுகளின்படி, முழுதும் முடங்கிய நோயாளிகளில் பாதிக்கும் குறைவானோரிடமே அது பயன்பட்டது.

இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பக்கமும் இங்கேதான். 2017இல் ஜெர்மனியின் டூபிங்கனைச் சேர்ந்த நீல்ஸ் பிர்பாமர், உஜ்வல் சவுத்ரி முதலானோர், முற்றிலும் முடங்கிய நான்கு பேர் ஒளிவழியே விடையளித்ததாக அறிவித்தனர். தரவை மீண்டும் கணக்கிட்ட மார்ட்டின் ஸ்பூலர், அந்த முடிவுக்குச் சான்று இல்லை என்று 2019இல் எழுதினார். ஜெர்மன் ஆய்வு நிதியமைப்பு அறிவியல் நெறி மீறல் நடந்ததாகத் தீர்மானித்தது. அதே ஆண்டு, ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட இதழ் அதைத் திரும்பப் பெற்றது. கட்டுரையாசிரியர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. 2022இல் இவர்களும் பங்கேற்ற வேறோர் ஆய்வில், முற்றிலும் முடங்கிய ஒருவர் எழுத்துக் கோத்துப் பேசினார். ஆனால் அது மூளைக்குள் பதித்த மின்முனைகளால் நடந்தது. பேச இயலாதவர் சார்பில் பேசும் கருவியிடம் மற்றக் கருவிகளைவிடக் கடுமையான சான்றைக் கேட்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

நம் செங்கோட்டைப் பக்கத்துக்கு இதில் தனிக் கேள்வி ஒன்றும் உண்டு. கருமை நிறமியும் அடர்ந்த கருங்கூந்தலும் இந்த ஒளியை அதிகம் விழுங்குகின்றன. குறி தெளிவாக வராதவர்களை ஆய்விலிருந்து விலக்குவது இத்துறையில் வழக்கமாகவே இருந்துவந்தது. அண்மை ஆண்டுகளில்தான் அந்த வழக்கம் வெளிப்படையாக விமரிசிக்கப்படுகிறது. ஆரியங்காவு கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரம், கிழக்கே திருநெல்வேலி, மதுரை என்று நரம்பு நோய்க்கான உயர்சிகிச்சைக்கு இங்கிருந்து நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. படுக்கையிலிருந்து எழ முடியாதவருக்கு அந்தப் பயணமே தண்டனை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஒளித் தொப்பியைப் பையில் கொண்டுவரலாம். ஆனால் தேங்காயெண்ணெய் தடவிப் பின்னிய கூந்தலிலும் வெயிலில் கறுத்த நெற்றியிலும் அது எவ்வளவு தவறுகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். உறவினருக்கு விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்டு, தவறிய விடைகளையும் குறி கிடைக்காமல் விலக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.