மூணு சதவீத ஓட்டுக்கு என்ன விலை?

இந்த எபிசோட்ல நாம அமெரிக்காவுக்குப் போறோம். ஆனா டிவியில வழக்கமா பார்க்குற ரெண்டு கட்சிச் சண்டை இல்ல. அந்த ரெண்டு கட்சியையும் பிடிக்காத ஒரு சின்னக் கூட்டத்தோட கதை. லிபர்டேரியன்கள்.

2024 மே 25, சனிக்கிழமை ராத்திரி. வாஷிங்டன்ல ஹில்டன் ஹோட்டல்ல லிபர்டேரியன் கட்சியோட தேசிய மாநாடு நடக்குது. மேடைக்கு வந்தவர் டொனால்ட் ட்ரம்ப். யோசிச்சுப் பாருங்க, ஒரு கட்சி தன்னோட அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியிருக்கு. அந்த மேடையிலேயே இன்னொரு கட்சியோட வேட்பாளர் வந்து எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்குறார். அரங்கத்துல பாதிப் பேர் கூச்சல் போட்டாங்க. ட்ரம்ப்புக்குத் தன்னோட சொந்தக் கூட்டத்துல கிடைக்கிற வரவேற்பு அங்க கிடைக்கல.

அந்தப் பேச்சுல மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, ஜெயில்ல இருக்குற ராஸ் உல்ப்ரிக்ட்டை முதல் நாளே வெளியே விடுறேன்னு வாக்குக் கொடுத்தார். அதுக்குக் கைத்தட்டல் பலமா வந்தது. ரெண்டு, என் அமைச்சரவையில ஒரு லிபர்டேரியனை வைப்பேன்னு சொன்னார். மூணாவது ஒரு குத்தல். தோத்துக்கிட்டே இருக்கணும்னா, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உங்க மூணு சதவீதத்தை வாங்கிட்டு இருங்கன்னார். கூச்சல் இன்னும் அதிகமாச்சு.

அந்தக் குத்தல் ஏன் அவ்வளவு வலிச்சதுன்னு புரியணும்னா, நாம 50 வருஷம் பின்னாடி போகணும்.

முதல்ல, லிபர்டேரியன்னா யார்? சுருக்கமா சொன்னா, அரசாங்கம் எவ்வளவு சின்னதா இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு நம்புறவங்க. வரி குறையணும், வியாபாரத்துல அரசு தலையிடக் கூடாது, வெளிநாட்டுப் போர் வேண்டாம், போதைப்பொருள் பயன்படுத்துறவனை ஜெயில்ல போடக் கூடாது, ஒருத்தர் யாரைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு அரசு சொல்லக் கூடாது. இதுல பாதி ரிபப்ளிகன் கட்சிக்காரங்க பேசுறது, மீதி டெமாக்ரட் கட்சிக்காரங்க பேசுறது. மொத்தமும் ஒரே இடத்துல கிடைக்காது. அதுதான் இவங்க பிரச்சினை.

1971 ஆகஸ்ட்ல அதிபர் நிக்சன், ஒரு ரிபப்ளிகன், சம்பளத்தையும் விலைவாசியையும் அரசு உத்தரவால உறைய வெச்சார். டாலரைத் தங்கமா மாத்துற வசதியையும் நிறுத்தினார். சுதந்திரச் சந்தை பேசுற கட்சியே இப்படிப் பண்ணினா நமக்குன்னு ஒரு கட்சி வேணும்னு சிலர் முடிவு பண்ணாங்க. டேவிட் நோலன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து அதே வருஷம் டிசம்பர்ல கொலராடோவுல லிபர்டேரியன் கட்சியைத் தொடங்கினாங்க. 1972 தேர்தல்ல அவங்க பெயர் ரெண்டே மாநிலத்து வாக்குச்சீட்டுல இருந்தது. நாடு முழுக்கக் கிடைச்சது நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டு. 1980ல அது 9 லட்சத்து 21 ஆயிரம் ஆச்சு. கேக்கப் பெரிசா இருக்கும், ஆனா அது 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

அங்க தேர்தல் முறை நமக்கும் பழக்கமானது. ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவர் ஜெயிச்சார், மத்தவங்களுக்குப் பூஜ்யம். அதிபர் தேர்தல்லயும் பெரும்பாலான மாநிலங்கள்ல முதல்ல வந்தவருக்கே அந்த மாநிலத்தோட எலெக்டோரல் காலேஜ் ஓட்டு மொத்தமும் போயிடும். அதனால மூணு சதவீதத்துக்கு ஒரு சீட்டுகூடக் கிடைக்காது. ஆனா அதை வெச்சு இன்னொருத்தரைத் தோற்கடிக்க முடியும்.

2006ல மான்டானா மாநில செனட் தேர்தலை எடுத்துக்கோங்க. டெமாக்ரட் ஜான் டெஸ்டர் 3,562 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். லிபர்டேரியன் வேட்பாளர் ஸ்டான் ஜோன்ஸ் வாங்கினது 10,377. இந்த மனுஷன் ஒய்2கே பயத்துல, மருந்து கிடைக்காமப் போயிடும்னு வெள்ளி கலந்த தண்ணியைக் குடிச்சு, தோல் நிரந்தரமா நீலச்சாம்பல் நிறமா மாறினவர். நான் கதை விடல, நிஜம்.

2020 நவம்பர்ல ஜார்ஜியா. ரிபப்ளிகன் டேவிட் பெர்டியூவுக்கு 49.7 சதவீதம் கிடைச்சது. அங்க ஜெயிக்க 50 தாண்டணும். லிபர்டேரியன் வேட்பாளர் 2.3 சதவீதம் வாங்கியிருந்தார். மறுதேர்தல் நடந்தது, 2021 ஜனவரியில டெமாக்ரட் ஜான் ஆசாஃப் ஜெயிச்சார். அதோட செனட்டே டெமாக்ரட் கட்சி கைக்குப் போச்சு.

இதைப் பார்த்துட்டு, அந்த ஓட்டு எல்லாம் ரிபப்ளிகன் ஓட்டுதானேன்னு கணக்குப் போடக் கூடாது. லிபர்டேரியன் வேட்பாளர் இல்லேன்னா வீட்டுலயே இருந்திருக்கக் கூடியவங்க இதுல நிறைய. ஆனா பெரிய கட்சிகள் அப்படிப் பார்க்குறதில்ல. அவங்க கண்ணுக்கு இது எட்டுற தூரத்துல தொங்குற பழம்.

ஆக, இப்படிப்பட்ட ஒரு வாக்காளர் முன்னாடி மூணு வழி இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, ஒண்ணு, தனியா ஒரு ப்ராஜெக்ட்டை ஆரம்பிச்சு ஆள் வராட்டியும் நடத்துறது. ரெண்டு, பெரிய ப்ராஜெக்ட்டுக்குள்ள போய் கொஞ்சம் கொஞ்சமா கோடை மாத்துறது. மூணு, பெரிய ப்ராஜெக்ட்டைக் கைப்பற்ற வர்ற ஒரு முரட்டு ஆளுக்குக் கை கொடுத்து, பதிலுக்கு எதையாவது கேட்டு வாங்குறது.

ரெண்டாவது வழிக்கு ரான் பால்தான் உதாரணம். 1988ல லிபர்டேரியன் கட்சி வேட்பாளரா நின்னார், 4 லட்சத்து 31 ஆயிரம் ஓட்டு. அப்புறம் ரிபப்ளிகன் கட்சிக்கே திரும்பிப் போய் காங்கிரஸ் உறுப்பினர் ஆனார். 2012ல அந்தக் கட்சியோட உட்கட்சித் தேர்தல்ல மட்டும் அவருக்கு 20 லட்சம் ஓட்டு. அதே மனுஷர், அதே கொள்கை, மேடை மட்டும் வேற.

மூணாவது வழியை யோசிச்சு எழுதி வெச்சவர் மர்ரே ராத்பார்ட். பொருளாதார அறிஞர், இந்த இயக்கத்தோட மூளைன்னே சொல்லலாம். அரசே வேண்டாம்னு சொன்னவர். 60கள்ல வியட்நாம் போரை எதிர்க்குற இடதுசாரி மாணவர்களோட கூட்டணி வெச்சுப் பார்த்தார். 1989ல லிபர்டேரியன் கட்சியை விட்டு வெளியேறினார். 1992ல வலதுசாரி பாப்புலிசம்தான் வழின்னு ஒரு கட்டுரை எழுதினார். படிச்ச மேல்தட்டுக்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல, அவங்கதான் அரசாங்கத்தால லாபம் அடையுறாங்க. அதனால கோபமா இருக்குற சாதாரண ஜனங்ககிட்ட நேராப் போகணும், அதுக்குத் துணிச்சலா சத்தமாப் பேசுற ஒரு தலைவர் வேணும்கிறது அவர் வாதம். அந்தக் கட்டுரையில கூ கிளக்ஸ் கிளான் தலைவரா இருந்த டேவிட் டியூக்கோட பிரச்சாரத்தைக்கூட அவர் அனுதாபமா பார்த்தார். பல லிபர்டேரியன்களால இன்னைக்கும் அதை ஜீரணிக்க முடியல.

அந்த வருஷம் ராத்பார்ட் ஆதரிச்ச ஆள் பேட் புக்கனன். பதவியில இருந்த அதிபர் புஷ்ஷையே எதிர்த்து உட்கட்சித் தேர்தல்ல நின்னு, நியூ ஹாம்ப்ஷயர்ல 37 சதவீதம் வாங்கினவர். போர் வேண்டாம்கிறதுல ரெண்டு பேரும் ஒத்துப்போனாங்க. ஆனா புக்கனன் வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போடணும்கிறவர். அந்தப் பக்கமே அவர் மேலும் மேலும் சாய்ஞ்சார். 1995 ஜனவரியில ராத்பார்ட் இறக்குறதுக்கு முன்னாடியே அவருக்கு அந்தக் கூட்டணி கசந்துபோச்சு.

இந்த இடத்துலதான் எனக்கு முக்கியமாப் படுற ஒரு கேள்வி வருது. ராத்பார்ட் போட்ட கணக்கு என்ன? ஜனங்களோட கோபத்துக்குள்ள நம்ம கொள்கையை ஏத்திடலாம்னு. அது நடக்குமா?

கென்டக்கி காங்கிரஸ் உறுப்பினர் தாமஸ் மாஸ்ஸி 2017ல இதுக்கு ஒரு பதில் சொன்னார். அவர் ரிபப்ளிகன் கட்சிக்குள்ள இருக்குற லிபர்டேரியன். தனக்கும், ரான் பாலுக்கும், அவர் மகன் ராண்ட் பாலுக்கும் ஓட்டுப் போட்ட அதே ஆளுங்க அப்புறம் ட்ரம்ப்புக்குப் போட்டதைப் பார்த்து அவர் குழம்பிப்போனாராம். இவங்க கொள்கைக்காக ஓட்டுப் போடல, போட்டியில இருக்கறதுலேயே யாரு பெரிய பைத்தியக்காரனோ அவனுக்குப் போட்டிருக்காங்க, அதுவரைக்கும் அது நாங்களா இருந்திருக்கோம்னு பச்சையாவே சொன்னார். ஒரு அரசியல்வாதி தன் சொந்த வெற்றியைப் பத்தி இப்படிப் பேசுறது அபூர்வம்.

2016ல முதல் வழி உச்சத்தைத் தொட்டது. ட்ரம்ப், ஹிலாரி ரெண்டு பேரையும் பிடிக்காத ஜனங்க ஏராளம். லிபர்டேரியன் பக்கம் ரெண்டு முன்னாள் கவர்னர்கள், கேரி ஜான்சனும் பில் வெல்டும். ஜான்சன் டிவியில அலெப்போன்னா என்னன்னு திருப்பிக் கேட்டு மானம் போனது தனிக் கதை. அப்படியும் 44 லட்சத்துக்கு மேல ஓட்டு, 3.28 சதவீதம், கட்சி வரலாற்றுலேயே அதிகம். ட்ரம்ப் சொன்ன மூணு சதவீதம் இதுதான். 5 தொட்டிருந்தா அடுத்த தேர்தலுக்கு அரசு நிதி கிடைச்சிருக்கும். தொடல. 2020ல ஜோ ஜார்கென்சன் வாங்கினது 1.2 சதவீதம்.

2022 மே மாசம் நெவாடாவுல, ரீனோ நகரத்துல நடந்த மாநாட்டுல மீசஸ் காகஸ்ங்கிற குழு கட்சியைக் கைப்பற்றுச்சு. ராத்பார்ட் வழி வந்தவங்க. ட்ரம்ப்பை 2024 மாநாட்டுக்குக் கூப்பிட்டது அந்தத் தலைமைதான். ஆனா மாநாட்டுப் பிரதிநிதிகள் மறுநாள் அதிபர் வேட்பாளராத் தேர்ந்தெடுத்தது சேஸ் ஆலிவரை. அதுவும் ஏழாவது சுற்றுல. கடைசிச் சுற்றுல அவரை எதிர்த்து இருந்தது யார் தெரியுமா? நோட்டா! முதல் சுற்றுல ட்ரம்ப் பெயரைக் கையால எழுதிப் போட்டவங்க ஆறே பேர்.

நவம்பர்ல ஆலிவருக்குச் சுமார் 6.5 லட்சம் ஓட்டு, 0.4 சதவீதம். பலரும் அதுக்குள்ள மூணாவது வழியைத் தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு நினைக்கிறேன்.

சரி, அவங்களுக்கு என்ன கிடைச்சது?

ராஸ் உல்ப்ரிக்ட் யாருன்னு நம்ம துறையில இருக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டோர் நெட்வொர்க்ல, பிட்காயின் வெச்சு சில்க் ரோடுங்கிற சந்தையை நடத்தினவர். அங்க பெரும்பாலும் வித்தது போதைப்பொருள். 2013ல கைது, 2015ல பரோலே இல்லாத இரட்டை ஆயுள் தண்டனை, மேல 40 வருஷம். அந்தச் சந்தையில வாங்கின போதைப்பொருளால இறந்தவங்களோட பெற்றோர் தண்டனை விசாரணையில வந்து பேசினாங்க. இன்னொரு பக்கம், வன்முறைக் குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாத ஒருத்தருக்கு இவ்வளவு தண்டனையான்னு லிபர்டேரியன்கள் கேட்டாங்க. அவருடைய அம்மா வருஷக்கணக்கா ஊர் ஊராப் போய்ப் பிரச்சாரம் பண்ணாங்க. 2025 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாள், ட்ரம்ப் முழு மன்னிப்பு கொடுத்தார். சொன்னதை விட அதிகமாவே செஞ்சார். பதினோரு வருஷத்துக்கு மேல உள்ள இருந்தவர் வெளிய வந்தார்.

அப்புறம் ஏப்ரல் 2. கிட்டத்தட்ட எல்லா நாட்டு இறக்குமதிக்கும் குறைஞ்சது 10 சதவீத வரின்னு அறிவிச்சார். நிக்சன் விலையை உறைய வெச்சதுக்காகக் கட்சி ஆரம்பிச்சவங்களுக்கு, ஒரே மனுஷன் தன் கையெழுத்தால உலக வியாபாரத்துக்கே வரி போடுறது எப்படி இருந்திருக்கும்? லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர்ங்கிற லிபர்டேரியன் சட்ட அமைப்பு, சின்ன வியாபாரிகள் சார்பா அதே மாசம் வழக்குப் போட்டது. மே மாசம் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பும் கொடுத்தது.

எனக்குப் படுறது இதுதான். ஒரு பாப்புலிஸ்ட் தலைவர்கிட்ட பேரம் பேசினா, ஒரே கையெழுத்துல முடியுற ஒரு காரியம் கிடைக்கலாம். யாரு, என்ன, எப்போன்னு கேட்டு வாங்குனா, வந்துச்சா இல்லையான்னு சரிபார்க்கவும் முடியும். ஆனா அவரோட கூட்டத்தை எது ஒண்ணு சேர்க்குதோ, அதை நீங்க மாத்த முடியாது. புக்கனன்கிட்டயும் அது வெளிநாட்டுப் பொருள் மேல இருந்த கோபம், ட்ரம்ப்கிட்டயும் அதே. 1992ல ஒரு தடவை பார்த்ததை 2025ல திரும்பவும் பார்த்தாங்க.

அப்போ ஆலிவருக்கு ஓட்டுப் போட்ட 6.5 லட்சம் பேர் ஓட்டை வீணடிச்சாங்களா? அவங்க யாரையும் ஜெயிலிலிருந்து விடுதலை பண்ணல. ஆனா ஒண்ணு யோசிங்க. அப்படி ஒரு கட்சி, வேற எங்கயும் போக மாட்டேன்னு சொல்ற அப்படி ஒரு கூட்டம் இல்லேன்னா, ட்ரம்ப் அந்த ஹோட்டலுக்கே வந்திருக்க மாட்டார். ஜார்ஜியாவுல 2.3 சதவீதம் என்ன பண்ணும்னு பார்த்ததாலதான் வந்தார். பேரம் பேசினவங்க கையில இருந்த சரக்கே, பேரத்துக்கு ஒத்துக்காதவங்க வருஷக்கணக்கா சேர்த்து வெச்சதுதான். எல்லாரும் மொத்தமா அந்தப் பக்கம் போயிட்டா, அடுத்த தடவை யாரும் வந்து கேக்க வேண்டிய அவசியம் இருக்காது.

அந்த அம்மாவோட இடத்துல இருந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? வரி ஏறினதுல கடை மூடுற நிலைக்கு வந்த வியாபாரியா இருந்திருந்தா? கமென்ட்ல சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். ஒரு நாட்டுல வாக்குச்சீட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசைப்படுத்திப் போட விட்டா இந்தத் தலைவலி குறையுமான்னு மெய்ன், அலாஸ்கா மாநிலங்கள்ல சோதனை பண்ணிப் பார்த்திருக்காங்க. அதைப் பத்தித்தான் அடுத்து பேசப் போறோம்.