மூன்றில் இரண்டு ஓட்டு

விண்வெளியில் இருந்த ராகேஷ் சர்மாவிடம் இந்திரா காந்தி என்ன கேட்டார், அவர் என்ன பதில் சொன்னார் என்பது நம்மில் பலருக்கு மனப்பாடம். 1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூரிலிருந்து கிளம்பிய அந்த சோயுஸ் டி-11 கலத்தை ஓட்டியது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கமாண்டர் யூரி மாலிஷெவ் என்பது பாதி பதில். மீதிப் பாதி, ஆர்கன்-16 என்கிற கணினி.

ஆட்களை ஏற்றிச்சென்ற பழைய சோயுஸ்களில் டிஜிட்டல் கணினி கிடையாது. ‘டி’ வரிசையில்தான் வந்தது. ஆர்கன் என்பது உண்மையில் மூன்று கணினிகள். மூன்றும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் போடும். இடையிடையே விடைகள் ஒப்பிடப்படும். இரண்டு ஒத்துப்போனால் அதுதான் தீர்ப்பு, மூன்றாவதின் பேச்சு எடுபடாது. பஞ்சாயத்து மாதிரிதான். ஒரு பாகம் கெட்டுப்போகும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு செய்த வடிவமைப்பு இது.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். அப்போலோவின் கட்டளைக் கலத்தில் ஒரு வழிகாட்டிக் கணினி, நிலவில் இறங்கும் கலத்தில் ஒன்று. ஓட்டெடுப்பெல்லாம் இல்லை. அது கெடவே கூடாது, அவ்வளவுதான். அதற்காக எம்ஐடி பொறியாளர்கள் லாஜிக் முழுவதையும் ‘நார் கேட்’ என்ற ஒரே வகைச் சில்லால் கட்டினார்கள். ஒரே வகை என்றால் சலிக்கச் சலிக்க சோதித்துப் பார்க்கலாமே!

நினைவகம் இன்னும் விசேஷம். குட்டி காந்த வளையத்துக்கு உள்ளே கம்பி போனால் 1, வெளியே போனால் 0. வால்தமில் இருந்த ரேதியான் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து, நிலவுக்குப் போகும் மென்பொருளைக் கையால் கோத்தார்கள். 36,864 சொற்கள். கோத்தபின் ஒரு பிழை தெரிந்தால், அந்தப் பகுதியை மறுபடி கோக்கணும். பொறியாளர்கள் இதை ‘கிழவி மெமரி’ என்று கேலியாகச் சொல்வார்களாம். எங்க ஊர் திருத்தங்கல் பக்கம் சரவெடி பின்னுகிற அக்காக்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. வரிசை பிசகினால் என்ன ஆகும் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். கூலியில்தான் அது தெரியாது.

மாலிஷெவுக்கு வருவோம். 1980 ஜூனில் ‘டி’ வரிசையின் முதல் ஆள் பயணத்துக்கும் அவர்தான் கமாண்டர். சல்யூத்-6 நிலையத்தை நெருங்கும்போது, கடைசி 180 மீட்டரில் ஆர்கனிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கி, கையாலேயே இணைத்தார். மூன்று கணினிகள் ஓட்டுப் போட்டாலும் நாலாவது ஓட்டு மனுஷனுடையது. சர்மா கிளம்பும்போது கூடப் போனவர்களில் ஒருவர் இவர். இன்னொருவர் கென்னடி ஸ்திரெகாலோவ். 1983 செப்டம்பரில் ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பிடித்தபோது, வெடிப்பதற்குச் சில நொடிகள் முன்னால் தப்பித்தவர். அன்றைக்குக் கலத்துக்குள் இருந்தவர்கள் கையில் தப்பிக்கும் பொத்தான் எதுவும் இல்லை. தரையிலிருந்துதான் கட்டளை போனது. எதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அந்த இரண்டு பேரிடமும் இரண்டு அனுபவங்கள் இருந்தன.

இப்போது ககன்யானுக்காக இஸ்ரோ மாற்றியமைத்திருக்கும் எல்விஎம்-3 ராக்கெட்டில் வழிகாட்டிக் கணினிகள் நான்கு. நான்கு எதுக்கு? மூன்றில் ஒன்று செத்தால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டும் சண்டை போட்டால் யார் பக்கம் சாய்வது? நான்கில் ஒன்று போனாலும் மூன்று இருக்கும், பஞ்சாயத்து கலையாது.